சுடாமலே வெந்துபோகும் விரல்கள்

"சுடவே இல்லீங்களே டாக்டர்" என்பார்கள், கதிர்வீச்சு பட்டு விரல் வெந்து வருபவர்கள். போன வாரம் வந்த பையனும் அதையேதான் சொன்னான். அவிநாசிப் பக்கம், வால்வு காஸ்டிங்குகளுக்கு உள்ளே குறை இருக்கிறதா என்று காமா கதிரால் படம் (ரேடியோகிராஃபி) எடுக்கும் கான்ட்ராக்டரிடம் ஹெல்பர். வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியிலும் நீர் கோத்த கொப்புளம். அதன்மேல் காவி. அக்கி என்று நினைத்து ஊரில் எழுதி விட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு கிளினிக்குகளில் அலர்ஜி என்று களிம்பு. என்ன வேலை பார்க்கிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அக்கி எழுதியவரை நான் குறை சொல்லமாட்டேன். களிம்பு எழுதியவர்கள் என்னைப் போல எம்பிபிஎஸ் படித்தவர்கள்.

கோவை ஃபவுண்டரி ஊர். உருக்கிய இரும்பு ஒரு பொட்டுத் தெறித்தாலே கையை உதறிவிடுவோம். அதனால் சுடாதது காயம் செய்யாது என்ற நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. காமா கதிர் சுடாது. ஷாக் அடிக்காது. கதிரை வீசும் துண்டான சோர்ஸையே கையில் பிடித்தாலும் சும்மா ஓர் உலோகத் துண்டைப் பிடித்த மாதிரிதான் இருக்கும். அன்று சாயங்காலமோ மறுநாளோ லேசாகச் சிவக்கலாம், அரிக்கலாம். அதுவும் அடங்கிவிடும். "சரியாப் போச்சுங்க" என்று அடுத்த ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். சரியாகவில்லை! இரண்டு மூன்று வாரம் தோல் ஒன்றுமே காட்டாமல் இருந்துவிட்டு அப்புறம்தான் வெடிக்கும். மறுபடியும் சொல்கிறேன், சிவப்பு மறைந்தால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கொப்புளத்தோடு வருபவரிடம் நேற்று எதைத் தொட்டாய் என்று கேட்டுப் பயனில்லை, போன மாதம் எதைத் தொட்டாய் என்று கேட்க வேண்டும்.

படம் எடுக்கும் கேமரா என்ற பெட்டிக்குள் சோர்ஸாக இருக்கும் இரிடியம் 192 சில மில்லிமீட்டர் நீளம்தான். ஆனால் ஒரு மீட்டர் தள்ளி இருப்பதைவிட ஒரு சென்டிமீட்டரில் கதிர் பத்தாயிரம் மடங்கு. 30 கியூரி (சோர்ஸின் வலிமைக்கான அளவு) சோர்ஸ் என்றால் விரல் நுனிக்கு ஒரே நிமிடத்தில் 20 கிரேக்கு (உடம்பு வாங்கும் கதிருக்கான அளவு) மேல். தோல் சிவக்க 3 முதல் 6 கிரே போதும். 25ஐத் தாண்டினால் சதை செத்துப்போகும். சோர்ஸ் கேமராவுக்குள் திரும்பாமல் சிக்கியிருப்பது தெரியாமல், அது வெளியே வந்துபோகும் குழாயான கைடு டியூபின் நுனியைப் பிடித்து அடுத்த காஸ்டிங்கில் மாட்டுகிறார்கள். எப்போதும் அந்த மூன்று விரல்களாகவே இருப்பது அதனால்தான். பட்ட கதிரை அளக்கும் பேட்ஜில் ஒன்றும் பெரிதாக வரவில்லையே என்று சூப்பர்வைசர்கள் வாதாடுவார்கள். பேட்ஜ் நெஞ்சில் இருந்தது, சோர்ஸ் விரலில் இருந்தது.

சாதாரணத் தீக்காயம் என்றால் செத்த தோலை எடுத்துவிட்டு ஒட்டுப்போட்டு அனுப்பிவிடுவேன். இதில் எதுவரை செத்திருக்கிறது என்று கத்தி வைக்கும் அன்றைக்குத் தெரியாது. ஆறின இடமே மாதங்கள் கழித்துத் திரும்பப் புண்ணாகும். வலியோ சொல்லி மாளாது. (சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே மெஷினை வைத்து எலும்பு சேர்க்கும் டாக்டர் நண்பர்களே, ஈயக் கையுறையோடு எக்ஸ்ரே கதிருக்குள் கையை விட்டால் மெஷின் தானாக டோஸைக் கூட்டிக்கொள்ளும். நகம் கோடு கோடாகப் போவதற்கு வயசு மட்டும் காரணமில்லை.)

கதிர் இருக்கிறதா என்று காட்டும் சர்வே மீட்டர் வாங்கியது பெட்டியில் பூட்டிவைக்க அல்ல. ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் அதைக் கையில் பிடித்துக்கொண்டே கேமராவை நெருங்குங்கள், டியூபின் நுனிவரை காட்டுங்கள். முதலில் பேட்டரியைப் பாருங்கள். செத்த மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும். சோர்ஸ் உள்ளே போகவில்லையா, விலகிப் போய் கயிறு கட்டி, யாரையும் விடாமல் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியை (ஆர்எஸ்ஓ) கூப்பிடுங்கள். கையால் தள்ளிப் பார்க்காதீர்கள். எக்ஸ்ரே அறையில் போடும் அரை மில்லிமீட்டர் ஈய ஏப்ரனை இரிடியம் மதிக்காது. பழைய இரும்புக் கடைக்காரர்களும் கவனியுங்கள்: 2010இல் டெல்லி மாயாபுரியில் இரும்போடு இரும்பாக வந்த கோபால்ட் 60 என்ற கதிர் சோர்ஸ் ஓர் உயிரைக் குடித்தது.

அந்தப் பையனின் சம்சாரம் கைக்குழந்தையை அவனிடம் கொடுப்பதே இல்லையாம், ஒட்டிக்கும் என்று. ஒட்டாது அம்மணி. மூடிய சோர்ஸிலிருந்து பட்ட கதிர் உடம்பில் தங்காது. தாராளமாகக் கொடுக்கலாம்.

தொட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்த அன்றைக்கே வாருங்கள், தோல் நன்றாக இருந்தாலும். முதல் இரண்டு நாளில் எடுக்கும் ரத்த அணுக் கணக்கு உடம்புக்கு எவ்வளவு பட்டது என்று சொல்லும். பின்னால் எடுத்தால் அந்தத் தகவல் அவ்வளவு தெளிவாகக் கிடைக்காது. கொப்புளத்தைக் குத்த வேண்டாம், மஞ்சள் பற்று வேண்டாம். என்றைக்கு, எந்த சோர்ஸ், எத்தனை கியூரி, எவ்வளவு நேரம் பிடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். முதலாளி திட்டுவார் என்று பயமாக இருந்தால் அவர் நம்பரையும் எழுதுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.