விளைநிலம் மனையாகும் முன்: செட்டிநாட்டு ஊராட்சிகளில் நிலப் பயன்பாட்டு மாற்றம்

காரைக்குடியிலிருந்து பள்ளத்தூருக்கோ தேவகோட்டைக்கோ போகும் வழியில், நெல் விளைந்த நிலத்தில் மனைக்கற்கள் நட்டிருப்பதைப் பார்க்கும் பலர், பட்டாதாரர் தம் நிலத்தை விற்கிறார், இதில் ஊரார் சொல்ல என்ன இருக்கிறது என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் விளைநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றச் சட்டப்படி அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் காலமே ஊரார் தங்கள் கருத்தை எழுத்தில் பதிவதற்கு உரிய காலம்.

நிலம் எந்தப் பகுதியில் வருகிறது என்பதைப் பொறுத்து நடைமுறை மாறும். முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) நடைமுறையில் உள்ள பகுதியானால், ஒவ்வொரு புல எண்ணுக்கும் விவசாயம், குடியிருப்பு, தொழில் என ஒரு பயன்பாடு ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கும். அதை மாற்றுவது திட்டத்தையே திருத்துவதாகும் என்பதால், 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் பிரிவு 32-இன்கீழ் நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபனைகளைக் கேட்டு, அதன் பிறகே முடிவெடுக்கப்படும். திட்டத்துக்கு வெளியே உள்ள ஊராட்சிகளுக்குப் அதே சட்டத்தின் பிரிவு 47-அ-வும் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கான 2017ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். அங்கே நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் இசைவின்றி உள்ளாட்சி அனுமதி தர இயலாது. நன்செய் நிலமானால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களில் பரவியிருப்பதால், ஊர் எந்த மாவட்டத்தில் சேர்கிறது என்று பார்த்தே மனு எழுத வேண்டும்.

விண்ணப்பத்தில் உள்ள புல எண்ணைக் கொண்டு அ-பதிவேடு (ஊரின் நிலங்களை எண்வாரியாகக் காட்டும் வருவாய்ப் பதிவேடு), சிட்டா, புலப்பட (நில அளவை வரைபட) நகல் ஆகியவற்றை எடுத்துப் பார்த்தால், நிலம் நன்செயா புன்செயா, அருகில் புறம்போக்கு உண்டா என்பது தெரிந்துவிடும். ஆனால் இந்தப் பகுதியில் மிகவும் முக்கியமான ஒன்று அந்தத் தாள்களில் முழுமையாகத் தெரியாது. அதுதான் தண்ணீர் வரும் வழி.

ஆற்றுப் பாசனம் அரிதான இந்தச் செம்மண் சீமையில் விவசாயம் கண்மாயை நம்பியது. கண்மாயோ மேட்டுப் பொட்டலில் விழுந்து ஓடிவரும் மழையை நம்பியது. புறம்போக்காகப் பதிவான வரத்துக்கால், அதாவது கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் கால்வாய், புலப்படத்தில் கோடாக இருக்கும். பட்டா நிலங்களின் ஊடே சரிவாக வழிந்து வரும் நீருக்கு எந்தக் கோடும் கிடையாது. ஒருமுறை ஐப்பசி மழை விட்ட மறுநாள், ஊர்ப் பெரியவர் ஒருவருடன் புலப்படத்தை வைத்துக்கொண்டு அப்படி ஒரு நிலத்தைச் சுற்றிவந்தேன். தாளில் அது வெறும் புன்செய். தரையில், முழங்கை அகலத்துக்குச் செம்மண் கலங்கிய நீர், மூன்று வரப்புகளைக் கடந்து ஊருணியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது, பெரியவர் கையிலிருந்த கம்பை ஊன்றி, "இதை மண்ணடிச்சு மேடாக்கினா ஊருணிக்குத் தண்ணி எங்கிட்டுய்யா வரும்?" என்று கேட்டார். கால் நனைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்துக் குடிநீராகக் காத்த ஊருணிகள் இருந்த நாட்டில், விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே ஆட்சேபனை மனுவில் "விவசாயம் அழிகிறது" என்று பொதுவாக எழுதினால் போதாது. புல எண், நீர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது, எந்தக் கண்மாயின் ஆயக்கட்டு (அதன் நீரால் பாசனம் பெறும் நிலப்பரப்பு) பாதிக்கப்படும், கலுங்கு (மிகைநீர் வழியும் அமைப்பு) வழியே மிகைநீர் எங்கே செல்லும் என்பவற்றை எழுதி, மழை நாளில் எடுத்த படங்களையும் இணைக்க வேண்டும். 40 ஹெக்டேருக்கும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருப்பதால், மனுவின் படி ஒன்று உரிய அலுவலகத்துக்கும் போக வேண்டும். கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுவதும் நல்லது. அது மட்டுமே விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிடாது என்றாலும், கோப்பில் ஊரின் குரலாக நிற்கும். கோப்பின் நகல் வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் வரை ஆகலாம் என்பதால், அதற்காகக் காத்திருந்து ஆட்சேபனைக்கான கெடுவைத் தவறவிடக் கூடாது.

எல்லா மாற்றமும் கேடு என்று சொல்ல வரவில்லை. பல ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கும், நீர்வழி ஏதும் குறுக்கிடாத மேட்டுநிலத்தில் வீடுகள் வருவது ஊருக்கு நன்மையே. அங்கும் மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டதானால், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். அந்த இடம் எங்கே காட்டப்பட்டிருக்கிறது என்பதை ஊரார் வரைபடத்தில் பார்க்க வேண்டும்.

மனை வாங்குவோர், நிலப் பயன்பாட்டு மாற்ற ஆணையும் மனைப்பிரிவு ஒப்புதலும் தனித்தனியானவை என்பதை உணர்ந்து, இரண்டின் எண்ணையும் நாளையும் கேட்டு வாங்கிய பிறகே முன்பணம் தர வேண்டும். முன்பே மனையாகப் பதிவாகாத, அங்கீகாரம் பெறாத மனையைப் பதிவுச் சட்டம் பிரிவு 22-அ-வின்படி சார்பதிவாளர் பதிவு செய்ய மாட்டார்.