எந்த நாளில் டிக் அடித்தீர்கள்?

"கல்லூரியில் ஒரு படிவம் கொடுத்து டிக் அடிக்கச் சொன்னார்கள். பரீட்சை டென்ஷனை நான் எப்படிச் சமாளிக்கிறேன் என்று அதை வைத்துக் கண்டுபிடித்துவிட முடியுமா?" என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறார். முடியும். ஆனால் எந்த நாளில் டிக் அடித்தீர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அழுத்தத்தை அளப்பது ஒன்று, சமாளிப்பதை அளப்பது வேறு. முன்னதற்கு உளவியலாளர் ஷெல்டன் கோஹன் குழு 1983-இல் வெளியிட்ட அளவுகோல் பிரபலம். எத்தனை அரியர் என்றெல்லாம் அது கேட்காது. கடந்த மாதத்தில் காரியங்கள் கைமீறிப் போவதாக எத்தனை முறை தோன்றியது என்பதுபோலக் கேட்கும். இப்போது அதிகம் புழங்கும் வடிவத்தில் 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. 'எல்லாம் என் கைக்குள் இருக்கிறது' என்ற தொனியில் வரும் 4 கேள்விகளுக்கு மட்டும் எண்ணைத் தலைகீழாக்கிக் கூட்டினால் முடிந்தது.

சமாளிப்பு அப்படி நின்று போஸ் கொடுக்காது. உளவியலாளர்கள் ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் அதை இரண்டாகப் பிரித்தார்கள்: சிக்கலையே சரிசெய்யப் பார்ப்பது, சிக்கல் கிளப்பும் பதற்றத்தைத் தணிக்கப் பார்ப்பது. 1985-இல் வெளியான அவர்களுடைய ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. கல்லூரி மாணவர்களிடம் ஒரே தேர்வைப் பற்றி மூன்று முறை கேட்டார்கள்: எழுதும் முன், எழுதிவிட்டு மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும்போது, மதிப்பெண் வந்த பிறகு. தேர்வுக்கு முன் சிக்கலைத் தீர்க்கும் முயற்சி மேலோங்கியிருந்தது. காத்திருக்கும் நாட்களில் அது இறங்கியது; அதை நினைக்காமல் ஒதுங்கியிருப்பது ஏறியது. நியாயம்தானே? விடைத்தாள் கையைவிட்டுப் போனபின் படித்து என்ன ஆகப்போகிறது? அந்த வாரத்தில் மட்டும் அளந்திருந்தால் அத்தனை பேரையும் 'பிரச்சினையைக் கண்டு ஓடுபவர்கள்' என்று எழுதியிருப்பார்கள். இன்னொன்று: பயமும் 'ஒரு கை பார்த்துவிடலாம்' என்ற துடிப்பும் ஒரே மாணவரிடம் ஒரே நேரத்தில் இருந்தன.

இப்படிப் பின்தொடர ஆள் வேண்டும், பணம் வேண்டும், பொறுமையும் வேண்டும். ஒரு மதிய வகுப்பில் படிவத்தை வாங்கிக்கொண்டு போகும் ஆய்வுகளைவிட இதற்குத்தான் நிதி தர வேண்டும் என்பேன்.

சமாளிக்கும் வழிகளை அளக்க, உளவியலாளர் சார்லஸ் கார்வர் 1997-இல் சுருக்கித் தந்த பட்டியலும் பரவலாகப் பயன்படுகிறது: 28 வாக்கியங்கள், 14 வழிகள். திட்டமிடுவது, கிண்டலடிப்பது, தன்னையே திட்டிக்கொள்வது, சாமி கும்பிடுவது எல்லாம் உண்டு. மந்திரித்த பேனா விற்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். ஆனால் கும்பிட்டுவிட்டுப் போகும் பிள்ளையை இந்தப் பட்டியல் கேலி செய்யாமல் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அப்புறம், இந்த 14-ஐயும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கக் கூடாது. திட்டமிடுவதையும் குடிப்பதையும் கூட்டி வரும் எண்ணுக்கு என்ன அர்த்தம்?