டான்சில் உள்நாக்கும் அல்ல, சுரப்பியும் அல்ல

அக்கா மகளுக்கு டான்சில் அறுவை சிகிச்சை. முந்தின நாள் சாயங்காலம் ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். தமிழில் இருந்தது. அக்கா இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டாள். ‘இருபக்க உள்நாக்கு அகற்றம்’ என்று அச்சாகியிருந்தது. “ஏன்டா, உள்நாக்கு ஒண்ணுதானே இருக்கு? இருபக்கம்னா எதை எடுக்கப் போறாங்க?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. உள்நாக்கு ஒன்றுதான். கண்ணாடி முன் வாயை அகலத் திறந்து ‘ஆ’ சொன்னால் நடுவில், மேலண்ணத்தின் பின்விளிம்பிலிருந்து துளிபோலத் தொங்குகிறதே, அதுதான் உள்நாக்கு. அதற்கு இடமும் வலமுமாக, தொண்டை வாசலின் இரண்டு பக்கச் சுவரிலும், முன்னொன்று பின்னொன்றாக இரண்டு மடிப்புகள் இறங்கும். அந்த மடிப்புகளுக்கு நடுவே குழியில் உட்கார்ந்திருக்கும் மேடுதான் டான்சில். பக்கத்துக்கு ஒன்று. குழி குழியாக, கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியும். அறுவை சிகிச்சையில் எடுப்பது இந்த இரண்டையும்தான். உள்நாக்கைத் தொடுவதில்லை.

சொல் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டான்சில் இலத்தீன் சொல். கழுத்து வீக்கத்தைக் குறித்த ‘தோலெஸ்’ என்பதன் வழியே வந்ததாகச் சொல்வார்கள். ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், அரபியர் எல்லோரும் இதற்குப் பாதாம் பருப்பின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். உள்நாக்குக்கு இலத்தீனில் ‘உவுலா’, சின்னத் திராட்சை என்று பொருள். முதல் நூற்றாண்டில் ரோமில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ், டான்சிலை விரலால் சுற்றிலும் கிளறி எடுப்பதை ஓரிடத்தில் சொல்கிறார். உள்நாக்கை வெட்டுவதைத் தனியே சொல்கிறார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே பிரித்துவைத்த இரண்டு உறுப்புகளை நாம் தமிழில் ஒன்றாக்கிக்கொண்டிருக்கிறோம்.

இத்தனைக்கும் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. உள் + நாக்கு, உண்ணாக்கு. அண் + நாக்கு, அண்ணாக்கு. ‘அண்’ என்றால் மேல். அண்ணாந்து பார்க்கிறோமே, அந்த அண்தான், அண்ணமும் அதே குடும்பம். மேலேயிருந்து தொங்கும் நாக்கு அண்ணாக்கு. சிறுநாக்கு என்றும் உண்டு. ஒரே உறுப்புக்கு மூன்று பெயர், மூன்றும் தொங்குகிற, நாக்குப்போல் இருக்கிற பொருளைத்தான் சொல்கின்றன. டான்சில் எங்கேயும் தொங்கவில்லை, நாக்குப்போலவும் இல்லை. பிறகு எப்படி இந்தக் குழப்பம் வந்தது? தொண்டைக்குள் எட்டிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது உண்ணாக்கு. தொண்டை வலி எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிட்டோம். பேச்சில் யாரும் அப்படிச் சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். அச்சில் வருவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏனென்றால் அச்சில் வந்தால் ஆபத்து. ஒரு உதாரணம் போதும். டான்சிலை ஒட்டிச் சீழ்க்கட்டி வருவதுண்டு. வாயைத் திறக்க முடியாது, எச்சில் விழுங்க முடியாது, குரல் வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல மாறும். அன்றைக்கே சீழை வெளியேற்ற வேண்டிய நிலை அது. அதற்கு முக்கியமான அடையாளம், கட்டி ஒரு பக்கம் வீங்கி உண்ணாக்கை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும் என்பது. ஒரு துண்டறிக்கையில் இதை எப்படிப் போட்டிருந்தார்கள் தெரியுமா? ‘உள்நாக்கைச் சுற்றி சீழ் பிடித்தால் உள்நாக்கு ஒரு பக்கம் விலகும்.’ படிக்கிறவருக்கு என்ன விளங்கும்? எது வீங்கியது, எது விலகியது? மொழிபெயர்த்தவர் அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை இரண்டு இடத்திலும் ஒட்டியிருக்கிறார். ஒரு தடவை வாயைத் திறந்து கண்ணாடியில் பார்த்திருந்தால் இந்த வாக்கியம் வந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. சில குழந்தைகளுக்கு உண்ணாக்கு நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். உள்ளே அண்ணத்தின் தசை சரியாகச் சேரவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தைக்கு மூக்குக்குப் பின்னால் இருக்கும், டான்சிலைப் போன்ற திசுவான அடினாய்டை முழுசாக எடுத்துவிட்டால் பேச்சு மூக்கால் வரத் தொடங்கலாம். அதனால்தான் அடினாய்டு சிகிச்சைக்கு முன் மருத்துவர் உண்ணாக்கைப் பார்க்கிறார். ‘உள்நாக்கு பிளந்திருக்கிறதா’ என்ற கேள்வியைப் பெற்றோர் டான்சிலைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டால்?

சரி, உள்நாக்கு வேண்டாம் என்று ஒத்துக்கொள்கிறவர்கள் அடுத்து நீட்டுவது ‘அடிநாச் சுரப்பி’. பாடப்புத்தகத் தொனியில் இருப்பதால் பலருக்கும் இது பிடித்துப்போகிறது. இதில் இரண்டு பாதியும் தப்பு.

முதலில் அடிநா. நாக்கின் அடிப்பகுதி எது என்பதில் தமிழனுக்குச் சந்தேகமே வரக்கூடாது. ‘ககார ஙகாரம் முதல்நா அண்ணம்’ என்று தொல்காப்பியம் சொல்கிறது. ‘க’ சொல்லிப் பாருங்கள். அண்ணத்தில் போய் முட்டுவதுதான் முதல்நா, அதாவது அடிநா. டான்சில் அங்கே இல்லை, அதற்குப் பக்கவாட்டில், தொண்டைச் சுவரில் இருக்கிறது. இதில் வேடிக்கை இல்லை, வேதனைதான்: நிஜமாகவே அடிநாக்கில் வேறொரு டான்சில் இருக்கிறது. ஜெர்மன் உடற்கூறு அறிஞர் வால்டயர் 1884இல் விவரித்த வளையம் ஒன்று உண்டு. தொண்டை வாசலைச் சுற்றி, பக்கத்தில் இரண்டு, மூக்குக்குப் பின்னால் அடினாய்டு, காதுக்குழல் வாயருகே இரண்டு, அடிநாக்கில் ஒன்று என்று ஒரே வகைத் திசு வளையமாக இருக்கிறது. அடிநாவில் இருப்பதன் பெயரைப் பக்கத்தில் இருப்பதற்குக் கொடுத்துவிட்டால், அடிநாவில் இருப்பதை என்னவென்று சொல்வது?

அடுத்தது சுரப்பி. சுரப்பது சுரப்பி. பால் சுரக்கும், உமிழ்நீர் சுரக்கும், தைராய்டு ஹார்மோன் சுரக்கும். டான்சில் எதைச் சுரக்கிறது? எதையும் இல்லை. அது நிணநீர்த் திசு. வாய்வழி, மூக்குவழி வரும் கிருமிகளை முதலில் எதிர்கொண்டு உடம்புக்கு அடையாளம் காட்டுகிற காவல் சாவடி. ‘அடினாய்டு’ என்ற கிரேக்கச் சொல்லே ‘சுரப்பி போன்றது’ என்றுதான் சொல்கிறது. அவர்கள் ‘போன்றது’ என்று அடக்கமாக நிறுத்தினார்கள், நாம் அந்தப் ‘போன்ற’தைக் கழற்றி எறிந்துவிட்டோம். இதனால் என்ன நஷ்டம்? சுரப்பியை எடுத்துவிட்டால் பிள்ளையின் வளர்ச்சி நின்றுவிடாதா, ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டுமா என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அக்காவும் கேட்டாள். இந்தப் பயத்தைக் கிளப்பியது நோய் இல்லை, பெயர்.

ஜெர்மானியரையும் அரபியரையும் பார்த்து ‘தொண்டை வாதுமை’ என்று சொல்லலாமே என்பவர்களும் இருக்கிறார்கள். வாதுமையே பாரசீகத்திலிருந்து வந்தது. தூய்மைக்காகச் செய்கிற மாற்றத்தில் கடன் சொல்லைக் கொண்டுவந்து வைப்பானேன்?

என் ஓட்டு ‘தொண்டைச் சதை’க்கு. புதிதாக யாரும் உருவாக்க வேண்டியதில்லை. மருத்துவர்களும் நோயாளிகளும் ஏற்கெனவே வாயில் வைத்திருக்கிற சொல். இடத்தைச் சரியாகச் சொல்கிறது, இல்லாத வேலையை அதன் மேல் ஏற்றவில்லை. சதை என்றால் தசை ஆகிவிடாதா என்று கேட்பார்கள். இரண்டும் ஒரு சொல்லின் இரு வடிவம்தான், ஆனால் இன்றைய வழக்கில் சுருங்கி விரிவது தசை, பொதுவாக மெத்தென்று இருப்பது சதை. அறிவியல் தமிழும் அதைத்தான் பின்பற்றுகிறது. டான்சிலிட்டிஸ் என்பதற்குத் ‘தொண்டைச் சதை அழற்சி’. அழல் என்றால் நெருப்பு; சிவந்து, சூடேறி, வலிக்கிற நிலைக்கு அழற்சியைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்குமா என்று எனக்குத் தோன்றவில்லை. பேச்சில் டான்சில் என்றே சொல்லுங்கள், ஒன்றும் குடி முழுகிவிடாது.

ஆனால் ‘சதை வளர்ந்திருக்கு’ என்பதை விட்டுவிட வேண்டும். அது எல்லோருக்கும் பிறவியிலேயே உள்ள சதை. சின்ன வயதில் பெரிதாகி, பதின்ம வயதில் தானாகச் சுருங்கும். ‘வளர்ந்திருக்கு’ என்றதும் கட்டியோ புற்றோ என்று மனம் எங்கேயோ போகிறது. ‘வீங்கியிருக்கு’ என்றால் போதும். வீக்கம் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒரு வாரத்தில் அடங்கும், காய்ச்சலுக்கும் வலிக்கும் மருந்து போதும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா என்று உறுதியானால் பெனிசிலின் வகை மருந்து, வழக்கமாக 10 நாள். மூன்றாம் நாள் வலி போய்விட்டது என்று நிறுத்தக்கூடாது. இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கத்தான் அந்தக் கணக்கு. அறுவை சிகிச்சைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு வருஷத்தில் 7 தடவை அழற்சி, அல்லது இரண்டு வருஷம் தொடர்ந்து ஆண்டுக்கு 5, அல்லது மூன்று வருஷம் ஆண்டுக்கு 3. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற அளவுக்குப் பெரிதாக இருந்தாலும் எடுப்பார்கள்.

மூக்கின் கதை இன்னும் மோசம். ‘மூக்கில் சதை’ என்ற ஒரே சொல்லில் மூன்றைப் போட்டு அடைத்திருக்கிறோம். குழந்தையின் அடினாய்டு ஒன்று. பெரியவர்களுக்கு வரும் பாலிப் ஒன்று. தொட்டால் வலிக்காத, வெளிறிய திராட்சைபோலத் தொங்குவது, முதலில் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பானால் சுருக்கப் பார்ப்பார்கள். மூன்றாவது, பக்கச் சுவரில் எல்லோருக்கும் உள்ள மடிப்பு, ஒவ்வாமையில் வீங்குவது. அது நோயே அல்ல, உறுப்பு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மொழிபெயர்ப்பவர் ‘மூக்கில் சதை’ என்று எழுதும் முன் எது என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். அப்புறம் எழுதலாம்.

படிவத்துக்கு வருகிறேன். அக்கா கையெழுத்துப் போடவில்லை. மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் படித்துப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்து அந்த வரியை அடித்து, மேலே ‘இரு பக்கத் தொண்டைச் சதைகள் (டான்சில்) மட்டும்’ என்று கையால் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். ஏழாம் நாள் பிள்ளை வாயைத் திறந்து காட்டினாள். இரண்டு பக்கமும் வெள்ளைப் படலம். ஆறுகிற புண்ணில் அது வரும், சீழ் அல்ல என்று சொல்லியிருந்தார்கள். 5 நாளிலிருந்து 10 நாளுக்குள் அந்தப் படலம் உதிரும்போது ரத்தம் வந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள், வரவில்லை. நடுவில் உண்ணாக்கு, அதன் இடத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.