எந்தப் பதில் மேலே வரவேண்டும்?

ஏற்காட்டில் ஒரு அராபிகா காப்பிச் செடி வாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தோட்டக்காரர் அதைப் படம் எடுத்து, இணையத்தில் பலரும் கேள்வி கேட்டுப் பதில் சொல்கிற இடத்தில் போடுகிறார்: “இலை மஞ்சளாயி வாடுதுங்க, என்ன பண்றது?” தண்ணி பத்தலை என்கிறார் ஒருவர். யூரியா வைக்கச் சொல்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் திருப்பிக் கேட்கிறார்: “தண்டைச் சுத்தி மேடு தட்டியிருக்குங்களா? நிழல் மரத்தைக் கழிச்சீங்களா?”

எனக்கு இந்த மூன்றாமவரைத்தான் பிடிக்கிறது. காப்பிச் செடியை வாடவைக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு, வெயில் படும் தண்டில் பட்டை இடுக்குகளில் முட்டையிடும். புழு உள்ளே குடைந்து போகும் வழியில் பட்டை மேடு தட்டும். இந்த விவரமெல்லாம் இல்லாத கேள்விக்கு வருகிற பதில்கள் குத்துமதிப்பாகத்தான் இருக்கும்.

சரி, வந்த பதில்களை வரிசைப்படுத்துவது எப்படி? வாசகர்களின் வாக்குகளை வைத்துத்தான். இதற்கான கணக்கைப் பிரான்சின் கணித அறிஞர் கோண்டோர்செ 1785-லேயே போட்டுவிட்டார். தலைக்கு 70% சரியாகச் சொல்லக்கூடிய 11 பேர் தனித்தனியாக யோசித்து வாக்களித்தால், பெரும்பான்மை முடிவு சரியாக இருக்கும் வாய்ப்பு சுமார் 92%. தலைக்கு 40% என்றால் அது சுமார் 25% ஆகச் சரிந்துவிடும். விஷயம் தெரியாதவர்கள் கூடக்கூடத் தப்புதான் பலப்படும். அதனால்தான் இதற்கு முன் நல்ல பதில் சொன்னவர்களுக்குப் பல தளங்கள் கூடுதல் அதிகாரம் தருகின்றன.

“தனித்தனியாக” என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு செய்தித் தளத்தின் கருத்துகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, தொடக்கத்திலேயே தலைக்கு ஓர் ஆதரவு வாக்கு போட்டார்கள். அந்த ஒற்றை வாக்கால் அவற்றின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25% கூடியது. முதல் ஆள் கைதூக்கியதைப் பார்த்து மற்றவர்களும் தூக்கியிருக்கிறார்கள். பதில் புதிதாக இருக்கும்வரை வாக்கு எண்ணிக்கையை மறைத்து வைப்பது நல்லது என்று நான் நினைப்பது இதனால்தான்.

இன்னொரு சிக்கல்: ஒரே ஒருவர் பார்த்து ஆதரித்த பதிலுக்கு 100% ஆதரவு. நூறு பேரில் 90 பேர் ஆதரித்த பதிலுக்கு 90% தான். எது மேலே வரவேண்டும்? அமெரிக்கக் கணித அறிஞர் எட்வின் வில்சன் 1927-இல் தந்த சூத்திரம், கையிலுள்ள வாக்குகளை வைத்து, உண்மையான ஆதரவு குறைந்தது எவ்வளவு இருக்கும் என்று கணிக்கிறது. முதல் பதிலுக்கு சுமார் 21%, இரண்டாவதற்கு சுமார் 83%. அப்புறம் குழப்பமே இல்லை.

ஆனால் வாக்குக்குத் தேதி தெரியாது. துளைப்பானுக்கு ஒரு காலத்தில் லிண்டேன் பூச்சிக்கொல்லியைத்தான் சொல்வார்கள். 2013 மார்ச் முதல் இந்தியாவில் அதைப் பயன்படுத்தவே தடை. அதற்கு முன் எழுதி வாக்குகளைக் குவித்த பதில் ஒன்று இன்றும் உச்சியில் நிற்கலாம், நம் தோட்டக்காரர் அதை நம்பி மருந்துக்கடைக்கும் போகலாம். தடை பற்றி யாராவது அந்தப் பதிலின் தலைமாட்டிலேயே தேதியோடு எழுதவேண்டும். கூடவே இன்றைய வழியையும்: துளைப்பான் ஏறிய செடியைப் பிடுங்கி எரிப்பது, மற்றச் செடிகளின் தண்டில் 10% சுண்ணாம்புக் கரைசல் அடிப்பது, நிழலைக் காப்பது. வண்டு பறக்கும் காலம் ஏப்ரல்-மே, திரும்பவும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. திருத்தம் அதற்குள் வந்தாகவேண்டும்.