மனநலத்தில் சமநிலையின்மையா, ஏற்றத்தாழ்வா?

மெய்ப்புப் பார்க்க வந்த கட்டுரையில் ஒரு வரி: "ஏழை மக்களிடையே மனநலச் சமநிலையின்மை அதிகம்." ஏழைகளுக்கெல்லாம் புத்தி பேதலித்துவிட்டது என்றல்லவா படிக்கிறவர் நினைப்பார்! எழுதியவர் சொல்ல வந்தது வேறு: மனநோய்க்கு ஆளாவதிலும், ஆனபின் சிகிச்சை பெறுவதிலும் வசதியுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. இந்தச் சொல்லை இப்படிப் பார்ப்பது எத்தனையாவது முறையோ.

எழுதியவர் தமிழாக்க நினைத்த ஆங்கிலச் சொல் இனீக்வாலிட்டி (inequality). லத்தீன் வேர்ச்சொல்லுக்கு 'மேடுபள்ளமில்லாத', 'நியாயமான' என்று இரண்டு பொருளும் உண்டு. வேர்க்கதை அவ்வளவுதான்.

சமநிலை என்பது ஒன்றுக்குள்ளேயே இருப்பது. கயிற்றில் நடப்பவர் சமநிலை இழக்கிறார். கோபத்தில் ஒருவர் மனச்சமநிலை இழக்கிறார். தடுமாறுகிற ஆள் ஒருவர்தான். ஏற்றத்தாழ்வுக்கோ குறைந்தது இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மேலே, ஒருவர் கீழே. 'மனம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'சமநிலையின்மை'யைக் கொண்டுபோய் வைத்தால் சமூகத்தின் கோளாறு நோயாளியின் தலையில் விழுகிறது.

'ஏற்றத்தாழ்வு என்றால் மனநிலை ஏறி இறங்குவது என்று நினைத்துவிட மாட்டார்களா?' என்று ஒரு நண்பர் கேட்டார். அதற்குத்தான் 'ஏற்ற இறக்கம்' இருக்கிறதே! விலைக்கும் மனநிலைக்கும் ஏற்ற இறக்கம். மனிதருக்கு இடையே ஏற்றத்தாழ்வு. ஐயம் வருமென்றால் 'மனநலத்தில் சமூக ஏற்றத்தாழ்வு' என்று விரித்து எழுதலாம். 'சமத்துவமின்மை' பிழையில்லை. ஆனால் 'மனநலச் சமத்துவமின்மைகள்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

'வேறுபாடு' என்று போடுகிறவர்களும் உண்டு. அது பூசி மெழுகுவது. இளைஞரைவிட முதியோருக்கு மறதிநோய் அதிகம் வருவது வேறுபாடு. ஒரே மனச்சோர்வோடு இரண்டு பேர். ஒருவர் மறுநாளே மருத்துவர்முன் உட்கார்ந்திருக்கிறார், மற்றவரால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. இதையும் வேறுபாடு என்றால் எப்படி? தவிர்க்கக்கூடியது, தேவையற்றது, அநியாயமானது என்று பிரிட்டனின் பொதுச் சுகாதார ஆய்வாளர் மார்கரெட் வைட்ஹெட் 1990-இல் இந்த இரண்டாவது வகையைத்தான் தனியே பிரித்துக் காட்டினார். அதற்கும் முன்னால், 1971-இல், ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர், தேவை அதிகமுள்ள இடத்தில்தான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்று எழுதி, அதற்குத் தலைகீழ்ப் பராமரிப்பு விதி என்றே பெயர் வைத்தார். 'வேறுபாடு' என்ற சொல்லில் இதெல்லாம் எங்கே தெரிகிறது?

அதே கட்டுரையில் 'குறைந்த சேவை அணுகல் கொண்ட குழுவினர்' என்றும் இருந்தது. அணுகுவது நோயாளி செய்யும் வேலை; அதை அவர் செய்துவிட்டார், கதவுதான் திறக்கவில்லை. 'சிகிச்சை எட்டாதவர்கள்' என்று திருத்தி அனுப்பினேன். சமநிலையின்மையை எடுத்துவிட்டார்கள். அணுகல் மட்டும் அப்படியே திரும்பி வந்திருக்கிறது.