குழல் வளையாது, குரல் வளையும்

1995-இல் வெளிவந்த ‘தி லாங் பிளாக் வெயில்’ இசைத்தொகுப்பில் பாடியவர்களின் பெயர்களைப் பார்த்தால் எந்த இசை ரசிகரும் நிமிர்ந்து உட்காருவார். மிக் ஜாகர், ஸ்டிங், ஷினேட் ஓ'கானர், வேன் மாரிசன், டாம் ஜோன்ஸ், மேரியன் ஃபெய்த்ஃபுல். அத்தனை பேரும் விருந்தாளிகள். வீட்டுக்காரர்கள், 1962-இல் டப்ளினில் உருவான ‘தி சீஃப்டன்ஸ்’ என்ற நாட்டார் இசைக்குழுவினர். ஸ்டிங் அதில் ஐரிஷ் மொழி வரிகளையும் பாடினார்.

வரிகளை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் அந்தக் குழுவின் நடுவே ஒரு கருவி இருந்தது. அதோடு இசைந்து பாடுவதற்கு மனப்பாடம் உதவாது. குழுவை நிறுவிய பேடி மலோனி வாசித்த இல்லின் பைப்ஸ்தான் அது. ‘இல்லின்’ என்றால் ஐரிஷ் மொழியில் முழங்கை. வலது முழங்கைக்கு அடியில் ஒரு துருத்தி, இடது கைக்கு அடியில் ஒரு தோல் பை. துருத்தியை அமுக்க அமுக்கக் காற்று பைக்குள் போகும்; பையை அழுத்தினால் குழல்களுக்குப் போகும். வாயால் ஊதுவது கிடையாது. அதனால் எச்சில் ஈரம் படாமல், நாணலைச் சீவிச் செய்த சீவாளி உலர்ந்தே இருக்கிறது. ஈரம் ஏறினால் சுருதி இறங்கி ஏறும் தொல்லை இங்கே குறைவு.

பாட்டை வாசிக்கும் குழல் ஒன்று. அதன் அடிமுனையைத் தொடையில் கட்டிய தோல்துண்டின் மேல் ஊன்றி வாசிப்பார்கள். எல்லாத் துளைகளையும் மூடி ஒரு கணம் முனையையும் அடைத்து, பையை இன்னும் இறுக்கினால் ஸ்வரம் மேல் ஸ்தாயிக்குத் தாவும். இதைத் தவிர, ஒரே ஸ்வரத்தை விடாமல் ஒலிக்கும் மூன்று ஒத்துக் குழல்கள் உண்டு. நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மூன்றும் மேற்கத்திய இசையில் ‘டி’ எனப்படும் ஒரே ஸ்வரம், மூன்று ஸ்தாயிகளில். கணக்கில் சொன்னால் நொடிக்கு ஏறத்தாழ 293.7, 146.8, 73.4 அதிர்வுகள்.

சிக்கல் பிறக்கும் இடம் இந்த ஒத்துதான். 146.8-இல் ஒலிக்கும் நடுக் குழல் அந்த ஓர் அதிர்வை மட்டும் எழுப்புவதில்லை. எந்தக் குழலும் தன் அடிப்படை அதிர்வின் மடங்குகளையும் சேர்த்தே ஒலிக்கும். ஒத்துக் குழல் உள்ளே ஒரே அகலமான நேர்க்குழாய். ஒரு முனையில் ஒற்றை நாக்குச் சீவாளி அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட குழாயில் ஒற்றைப்படை மடங்குகள் ஓங்கி ஒலிக்கும். மூன்றாம் மடங்கு 440: அது ‘ஏ’, அதாவது ‘டி’யை ஷட்ஜமாக வைத்தால் அதன் பஞ்சமம். ஐந்தாம் மடங்கு 734: நம் கணக்கில் அந்தர காந்தாரம். ஆக, யாரும் பாடத் தொடங்கும் முன்பே காந்தாரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒத்து முடிவு செய்துவிடுகிறது.

இப்போது விருந்தாளி பாட வருகிறார். பியானோவும் கிதாரும் கேட்டு வளர்ந்த காது அவருடையது. அந்தக் கருவிகளில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாக வெட்டியிருப்பார்கள். எந்தச் சுருதியில் வாசித்தாலும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று செய்துகொண்ட ஏற்பாடு அது. அந்தக் கணக்கில் காந்தாரம் 370. அவர் குரலின் இரண்டாம் மடங்கு 740. ஒத்துவிலிருந்து வருவதோ 734. இரண்டும் ஒரே காதுக்குள் சேரும்போது, வித்தியாசம் எத்தனையோ அத்தனை முறை ஒலி நொடிக்குள் ஏறி இறங்கும். ஆறு முறை துடிக்கும். சுருதி சேராத இரண்டு தம்புராத் தந்திகளிடையே கேட்கும் அதே விம்மல். பியானோவில் இந்தப் பிசகு இருந்தாலும் உறுத்துவதில்லை, ஏனென்றால் தட்டிய ஸ்வரம் உடனே தேயத் தொடங்கிவிடுகிறது. ஒத்து தேய்வதில்லை.

யார் நகர வேண்டும்? பாட்டுக் குழலில் விரலை லேசாக நகர்த்தி ஸ்வரத்தைக் கொஞ்சம் இழைக்கலாம். ஒத்துக் குழல் அசையாது. அதன் சுருதியை மாற்ற வேண்டுமானால் வாசிப்பை நிறுத்திவிட்டு, குழாயின் இணைப்பை இழுத்து நீட்டவோ உள்ளே தள்ளவோ வேண்டும். குரல்தான் மூன்று அதிர்வு கீழே இறங்கி 367-க்கு வர வேண்டும். நல்ல பாடகர் கணக்குப் பார்த்து இறங்குவதில்லை. துடிப்பு நிற்கும் இடத்தைத் தொண்டை தானே தேடிப் போகிறது.

குரலை ஆட்டிப் பாடுபவர்களுக்கு இது இன்னொரு விதம். ஓபரா பாடகரின் குரல் நொடிக்கு ஐந்தாறு முறை மேலும் கீழும் ஆடுவதால் பிசகு அந்த ஆட்டத்தில் மறைந்துபோகும், கூடவே சேர்க்கையின் இனிமையும். அயர்லாந்தின் மரபுப் பாடகர்கள் குரலை ஆட்டாமல் நேராக நிறுத்துகிறார்கள்; அழகு சேர்க்க ஸ்வரங்களுக்கு இடையே சிறு நெளிவுகளை வைக்கிறார்கள். அந்தத் தொகுப்பில் ஷினேட் ஓ'கானர் பாடியவை என் மனத்தில் முதலிடத்தில் நிற்பதற்கு அந்த நேர்க்குரலே காரணம் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்காரர்களும் இடம் விட்டுக்கொடுக்கிறார்கள். பாடகருக்கு ‘டி’ பொருந்தாவிட்டால் ‘ஜி’க்கோ ‘ஏ’வுக்கோ போகலாம், குழலில் அவை எளிதாக வரும். வேறு சுருதி வேண்டுமென்றால் தகர விசிலை மாற்றினால் போதும், சுருதிக்கு ஒன்றாக அவை கிடைக்கின்றன. ஐரிஷ் ஹார்ப்பில் ஒவ்வொரு தந்தியின் தலையிலும் ஒரு சிறு நெம்பு இருக்கிறது, தட்டினால் தந்தி அரை ஸ்வரம் ஏறும். பிடிலுக்கு எதுவும் தடையில்லை. ஒத்து ஒத்துவராத இடத்தில் ஒரே விசையைத் தட்டி மூன்று குழல்களையும் மௌனமாக்கிவிடலாம்.

ஒலி அளவில் விட்டுக்கொடுப்பது அதைவிட முக்கியம். சொற்களின் மெய்யெழுத்துகள் காதில் பிரிந்து கேட்பது பெரும்பாலும் 1,000 முதல் 4,000 அதிர்வு வரையுள்ள பகுதியில்தான். சீவாளிக் குழலின் கூர்மையும் அங்கேதான் வந்து விழுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் பாட்டு கேட்கும், வார்த்தை கேட்காது. அதனால் குரலுக்குக் கீழே ஹார்ப்பையும் மரப் புல்லாங்குழலையும் நிறுத்திவிட்டு, பாட்டுக் குழலை அடிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் நுழைய விடுவது நல்ல வழி. பாடகர் மூச்சு வாங்கும் நேரம் அது.

இன்னொரு கணக்கு. 367-இலிருந்து 293.7-ஐக் கழித்தால் 73.3 வருகிறது, பின்னங்களைச் சரியாக எடுத்துக்கொண்டால் 73.4. சேர்ந்து ஒலிக்கும் இரண்டு ஸ்வரங்களின் வித்தியாசத்தை நம் செவி மூன்றாவது ஒலியாகத் தானே உண்டாக்கிக்கொள்ளும் இயல்புடையது. விருந்தாளியின் காந்தாரம் சரியான இடத்தில் போய் நிற்கும்போது, அந்த மூன்றாவது ஒலி விழுவது மிகத் தாழ்ந்த ஒத்துக் குழலின் மேலேயே.