இரண்டாவது ஏசி கிளம்பும் அந்த அரை வினாடி

டெக்சஸிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: பிக்கப் வண்டியில் கட்டி இழுத்துப்போகும், உள்ளேயே தங்கும் வசதியுள்ள 30 அடி டிரெய்லர் வைத்திருக்கிறாராம், கூரையில் 13,500 பிடியூ ஏசி ஒன்று, அதாவது நம் கணக்கில் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. ஜூலை மதியத்தில் அது நிற்காமல் ஓடியும் படுக்கையறை குளிர்வதே இல்லை. இன்னொன்று மாட்டலாமா, மாட்டினால் பிரேக்கர் விழுமா?

மாட்டலாம். படுக்கையறைக் கூரையில் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கென்று வெட்டிய துளை இருந்தால் அது பெரும்பாலும் ஏசிக்கான அதே 14 அங்குலச் சதுரம்தான். 40 கிலோ சொச்சத்தைக் கூரைச் சட்டம் தாங்குமா என்று தயாரித்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கரண்ட்தான் சிக்கல். இந்த டிரெய்லருக்கு வருவது 120 வோல்ட்டில் 30 ஆம்ப், மொத்தம் 3,600 வாட். ஒரு ஏசி ஓடும்போது 13 ஆம்ப் வாக்கில் இழுக்கும், இரண்டு ஓடினால் 26. அப்புறம் பேட்டரி சார்ஜர், ஃபிரிட்ஜ், யாராவது மைக்ரோவேவைத் தட்டினால் முடிந்தது கதை. வெளியே சூடு ஏற ஏற கம்ப்ரசர் இன்னும் அழுத்தித் தள்ளவேண்டும், 13 என்பதும் கூடும். 2023இல் ஃபீனிக்ஸ் நகரம் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்காத உச்ச வெயிலைப் பார்த்தது, சுமார் 43 செல்சியஸ். ஏசி அதிகம் இழுப்பது இந்த மாதிரி நாளில்தான்.

சரி, இதெல்லாம் கூட்டல் கணக்கு. எனக்குப் பிடித்த இடம் கம்ப்ரசர் கிளம்பும் அந்த அரை வினாடி.

உள்ளே இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். சுழலும் பாகமான ரோட்டாருக்கு ஒரு வயர்கூடப் போவதில்லை, பிரஷ் கிடையாது, நிலைக்காந்தமும் கிடையாது. சுற்றிலும் அசையாமல் இருக்கும் காயில்களில் மின்சாரம் ஏறி இறங்க, அவற்றின் காந்தப்புலம் மட்டும் வட்டமாகச் சுற்றுகிறது. 60 ஹெர்ட்ஸில், இரண்டு துருவ மோட்டாரென்றால், நிமிடத்துக்கு 3,600 சுற்று. அந்தப் புலம் ரோட்டாரின் அலுமினியக் கம்பிகளை வெட்டிக்கொண்டு போகிறது, பள்ளியில் படித்த ஃபாரடே விதிப்படி கம்பிகளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது, அந்த மின்னோட்டமே ரோட்டாரைக் காந்தமாக்கி, சுழலும் புலத்தின் பின்னால் துரத்தவிடுகிறது. துரத்தும், பிடிக்கவே பிடிக்காது! பிடித்துவிட்டால் புலம் கம்பியை வெட்டுவது நின்றுபோகும், தூண்டல் நின்றுபோகும், விசையும் போய்விடும். அதனால் எப்போதும் 3,450 வாக்கில், கொஞ்சம் பின்தங்கியே ஓடிக்கொண்டிருக்கும். 1824இல் பிரெஞ்சு விஞ்ஞானி அராகோ ஒரு செப்புத் தகட்டைச் சுழற்ற, மேலே தொங்கிய காந்த ஊசி காரணமே தெரியாமல் கூடவே சுற்றியதே, அதே சங்கதிதான். விளக்கம் வர ஃபாரடேயின் 1831 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

இப்போது சுவிட்சைப் போடுங்கள். புலம் அடுத்த கணமே 3,600இல் ஓடுகிறது, ரோட்டாரோ நின்ற இடத்தில் நிற்கிறது. பின்தங்கல் நூறு சதவீதம், தூண்டலும் உச்சத்தில். ரோட்டார் கம்பிகள் இரு முனையிலும் வளையத்தால் ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டவை, ஆகவே அந்தக் கணத்தில் அது செகண்டரியை, அதாவது கரண்ட் வெளியே போகும் பக்கத்துக் காயிலை, ஷார்ட் செய்துவிட்ட டிரான்ஸ்ஃபார்மருக்குச் சமம். 13 ஆம்பில் ஓடும் ஏசி கிளம்பும்போது 60 ஆம்ப் வரை இழுப்பது இதனால்தான்.

பிரேக்கர் இதற்கு உடனே விழாது. உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை சூடாகி வளைய நேரம் எடுக்கும், அதற்குள் மோட்டார் வேகம் பிடித்துவிடும். ஆபத்து வேறு பக்கம். முதல் ஏசி 13 ஆம்பில் ஓடும்போது இரண்டாவது கிளம்பினால் வயரில் 73 ஆம்ப். 50 அடி நீள 10 கேஜ் வயருக்குப் போக வர 0.1 ஓம் தடை, அதிலேயே 7 வோல்ட் காலி. டிரெய்லர்களை நிறுத்தி மின்கம்பத்தில் செருகிக்கொள்ளும் கேம்ப் மைதானத்தில் எல்லாரும் ஏசி போட்டு ஏற்கெனவே 108க்கு இறங்கியிருந்தால் மோட்டாருக்குக் கிடைப்பது 100 வோல்ட்தான். கிளப்பும் திருப்புவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு குறைவதால், 120 வோல்ட்டில் கிடைப்பதில் முப்பது சதவீதம் போய்விடுகிறது. நம் ஊரில் மே மாத லோ வோல்டேஜில் ஃபிரிட்ஜ் கிளம்ப முடியாமல் உறுமி உறுமி, டிக்கென்று கட் ஆகுமே, அதேதான் இங்கும் நடக்கும். ரோட்டார் நகராதவரை கரண்ட் அந்த உச்சத்திலிருந்து இறங்கவே இறங்காது, காயில் வெந்துபோகும்.

இதற்குத்தான் சாஃப்ட் ஸ்டார்ட்டர். மின்னலையின் ஒவ்வொரு பாதியிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் அனுப்பி, வெட்டும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போகும். கிளம்பும் கரண்ட் பாதிக்கும் கீழே வந்துவிடும். நல்ல பொருள், ஆனால் ஓடும்போது இழுக்கும் 13 ஆம்ப் 13 ஆகவேதான் இருக்கும். 'இதைப் போட்டால் 30 ஆம்பில் இரண்டு ஏசியும் நிம்மதியாக ஓடும்' என்று விற்பவர்களை நம்பவேண்டாம். பிளக்கில் செருகினால் வீட்டு மின்கட்டணம் பாதியாகும் என்று விற்கிறார்களே, உள்ளே ஒரு கெபாசிட்டரும் பச்சை விளக்கும் மட்டும் வைத்து, அந்த வியாபாரத்துக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. தாயத்தாவது மலிவு.

நானாக இருந்தால் இரண்டாவது ஏசிக்குத் தனி வயர் இழுத்து, கேம்ப் மின்கம்பத்தில் பெரும்பாலும் சும்மா கிடக்கும் 20 ஆம்ப் சாக்கெட்டில் செருகிவிடுவேன். கம்பத்திலிருந்து டிரெய்லருக்கு வரும் வயர் இரண்டு ஏசிக்கும் தனித்தனி என்பதால் தகராறு குறைவு. செலவு செய்யத் தயாரென்றால் 50 ஆம்ப் இணைப்புக்கு மாறலாம். அதில் எதிரெதிர் திசையில் ஏறி இறங்கும் இரண்டு 120 வோல்ட் கம்பிகள் வரும், ஆளுக்கு 50 ஆம்ப், மொத்தம் 12,000 வாட். ஒவ்வொரு ஏசியையும் ஒவ்வொரு கம்பியில் போட்டால், பொதுவான நியூட்ரலில் இரண்டின் வித்தியாசம் மட்டுமே ஓடும். சமமாக இழுத்தால் கிட்டத்தட்ட பூஜ்யம்.

வீட்டு வாசலில் நிறுத்த 30 ஆம்ப் சாக்கெட் போடச் சொல்வதாக இருந்தால் ஒன்று: அமெரிக்க எலக்ட்ரீசியன்கள் சிலர் அதைத் துணி உலர்த்தும் மெஷினின் சாக்கெட் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுகிறார்கள், உள்ளே இருக்கும் அத்தனை சாமானும் ஒரே நொடியில் புகைந்துபோகிறது. டிரெய்லரைச் செருகும் முன் மீட்டர் வைத்து 120 தானா என்று பார்த்துவிடுங்கள்.